காரைக்குடி கெண்டியில ஒரு கப் டீ!

காரைக்குடினு சொன்னதும் உங்க நாக்குல என்ன ஊறுது? சிக்கன் மசாலா, நண்டுக் குழம்பு, வெள்ளைப் பணியாரம்... கரெக்ட்தானே? டீன்னு யாராவது சொன்னீங்களா? சொல்லியிருக்க மாட்டீங்க. அந்த ஊர்க்காரங்களே சொல்ல மாட்டாங்க. வீட்டுக்குள்ள காபி, வீட்டுக்கு வெளியே டீ என்பதுதான் அங்கே வழக்கம். ஆனா, பழைய டீபாட்டுகளை வரிசை வரிசையா அடுக்கி விக்கிற தெரு ஒண்ணு அந்த ஊர்லதான் இருக்கு. பேரு முனீஸ்வரன் கோயில் தெரு. செமஸ்டர் லீவுல எங்கே போறதுனு முழிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா, தாராளமா இங்கே ஒரு நாள் ஒதுக்கலாம்.

சென்னையில இருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேரா காரைக்குடிக்கே வருது. திருச்சி, மதுரைப் பக்கம் படிக்கிறவங்களுக்கு பஸ்தான் வசதி. ரெண்டு ஊர்ல இருந்தும் தொண்ணூறு கிலோமீட்டர் சுமாருக்கு. ஜன்னல் சீட்டுல கண்ணசந்து முழிச்சா ஊர் வந்துடும்.

டீபாட்னதும் இங்கிலீஷ் படத்துல வர்ற ராணி சமாச்சாரம்னு ஒதுங்காதீங்க. பக்கவாட்டுல மூக்கு வெச்ச பாத்திரத்துக்கு நம்ம ஊர்ல கெண்டினு எப்பவோ பேர் வெச்சாச்சு. மலாய்க்காரங்களும் அதை கெண்டினுதான் சொல்றாங்க. செட்டிநாட்டுப் பக்கம் வயசானவங்க டீபாட்டையும் சாதாரணமா 'டீக் கெண்டி'ங்கிறாங்க. நானும் இனிமே அப்படியே எழுதுறேன்.

தெருவுக்குள்ள நுழைஞ்சா ரெண்டு பக்கமும் பழைய சாமான் கடைகள். தேக்குத் தூண், நிலைக்கதவு, ரவிவர்மா படம் அச்சடிச்ச கண்ணாடிச் சட்டம், ஊறுகாய் ஜாடி, ஆளுயரக் கடிகாரம்... ஒரு வீட்டையே கழட்டி ரோட்டுல பரப்பின மாதிரி இருக்கும். மாதிரி என்ன, நிஜமாவே அப்படித்தான்! ஒரு கடையில எனாமல் சாமான்களுக்குன்னே தனி ரேக். நீலம், பச்சை, வெள்ளை, பூப்போட்டதுனு கெண்டிகள். எடுத்துக் கவுத்துப் பாருங்க. அடியில முத்திரை இருக்கும். ஜப்பான், ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியானு பூகோளப் பாடமே நடத்தலாம். செக்கோஸ்லோவாக்கியாங்கிற நாடு 1993லயே ரெண்டாப் பிரிஞ்சு போச்சு. அந்தப் பேர் போட்ட கெண்டி மட்டும் காரைக்குடியில குந்தியிருக்கு.

இந்த இடத்துல கொஞ்சம் மெட்டலர்ஜி பேசிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. எனாமல்னா பெயின்ட் இல்லை பாஸ். இரும்புத் தகட்டு மேல கண்ணாடிப் பொடியைப் பூசி, உலையில சுமார் 800 டிகிரியில வெச்சு உருக்கி ஒட்டுறது. அதாவது, உள்ளே இரும்பு, வெளியே கண்ணாடி. அது தெறிச்சு விழுந்த இடத்துல துரு ஏறும். துருவை ஆராய்ச்சி பண்ற சிக்ரி 1953ல இதே ஊர்ல திறக்கப்பட்டுச்சு. அதுக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தவர் அழகப்பச் செட்டியார். கெண்டிக்கும் சிக்ரிக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனா ரெண்டுக்கும் பின்னாடி இருந்த பணம் ஒரே மாதிரி வழியில, கடல் தாண்டி சம்பாதிச்சது.

அந்த வழி எதுன்னு சொல்லணும். நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டுல இலங்கை, பர்மா, மலேயானு வட்டிக்கடை வெக்கப் போனாங்க. அதை அவங்க பாஷையில 'கொண்டு விக்கப் போறது'ங்கிறாங்க. பர்மாவுல நெல் விளைவிக்க விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தாங்க. 1930-கள்ல உலகம் முழுக்கப் பொருளாதாரம் சரிஞ்சு நெல் விலை விழுந்தப்போ, கடனைக் கட்ட முடியாத விவசாயிகளோட நிலம் கை மாறிச்சு. 1937-38 வாக்குல, கீழ்ப் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல நால்ல ஒரு பங்கு விளைநிலம் செட்டியார்கள் கையில இருந்துச்சு. பர்மாக்காரங்களுக்கு இது சந்தோஷமான கதை இல்லை. அரண்மனை மாதிரி வீடுகளை அண்ணாந்து பார்க்கிறப்போ இதையும் சேர்த்தே ஞாபகம் வெச்சுக்கிறது நல்லதுன்னு நான் நினைக்கிறேன்.

1942ல ஜப்பான் படை பர்மாவுக்குள்ள வந்துச்சு. இந்தியர்கள் லட்சக்கணக்குல ஊரை நோக்கி ஓடி வந்தாங்க, நிறையப் பேர் காட்டு வழியா நடந்தே. போர் முடிஞ்சு 1948ல விடுதலை அடைஞ்ச பர்மா, நிலத்தைத் தேசியமயமாக்க சட்டம் போட்டுச்சு. 1962ல ராணுவ ஆட்சி வந்ததும் மிச்சமும் போச்சு. இங்கே வீடு மட்டும் நின்னுச்சு. வீட்டுக்குள்ள சாமான் நின்னுச்சு.

சாமான்னா கொஞ்சநஞ்சம் இல்லை. கல்யாணத்துல பொண்ணுக்குக் கொடுக்கிற சீர் சாமானைக் கூடத்துல பரப்பி எல்லாருக்கும் காட்டுற வழக்கம் அங்கே உண்டு. பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், எனாமல், பீங்கான்னு ஒவ்வொண்ணுலயும் டஜன் கணக்கா இருக்கும். பரப்பி முடிச்சதும் பெட்டியில போட்டுப் பூட்டிடுவாங்க. அதுல பல கெண்டி ஒரு தடவைகூட டீயைப் பார்த்தது கிடையாது. கடைக்கார அண்ணன்கிட்ட, "தண்ணி ஊத்திப் பார்க்கலாமாண்ணே?"னு கேட்டேன். சிரிச்சுட்டார். "யாரும் கேட்டதில்ல தம்பி. வாங்குறவங்க மணி பிளான்ட் வெக்கத்தான் வாங்குறாங்க"ன்னார்.

டீயைப் பார்த்த கெண்டியும் இருக்கு. என் ஹாஸ்டல் ரூம்மேட்டோட அப்பத்தா வீட்டுல.

காரைக்குடியில இருந்து கொஞ்ச தூரத்துல ஒரு கிராமம். முகப்பு, பட்டாலை, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படினு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுற வீடு. அதுல ஆச்சி ஒரே ஆள். "வாங்க தம்பி, உக்காருங்க"ன்னாங்க. எண்பது வயசுக்காரங்க இருபது வயசுப் பையனை வாங்க போங்கன்னு கூப்பிடுறது அங்கே சாதாரணம். எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு.

ஆச்சியோட அப்பச்சி, அதாவது அப்பா, மலேயாவுல கொண்டு விக்கப் போனவங்க. அங்கே துரைமார் பழக்கத்துல கத்துக்கிட்ட டீயை ஊருக்கு வந்தும் விடலை. சாயங்காலம் நாலு மணிக்கு வெள்ளைப் பீங்கான் கெண்டி வெளியே வரும். "எங்க ஆத்தா காபிதேன் குடிப்பாக. அப்பச்சிக்கு மட்டும் நான் போட்டுத் தரணும். ஒரு நிமிஷம் முந்தி ஊத்தினாலும் கண்டுபிடிச்சுருவாக"ன்னு சொல்லிக்கிட்டே அடுப்பைப் பத்த வெச்சாங்க.

இப்போ கவனமாப் படிங்க, ஏன்னா ஹாஸ்டல்லயும் இதைச் செய்யலாம். அப்போதான் பிடிச்ச தண்ணியைக் கொதிக்க வெச்சாங்க. கொதி வர்றதுக்குள்ள, கொஞ்சம் வெந்நீரைக் கெண்டியில ஊத்தி, நாலு சுத்துச் சுத்திக் கொட்டினாங்க. கெண்டி சூடாகணும். சில்லுன்னு இருக்கிற பாத்திரத்துல கொதிக்கிற தண்ணியை ஊத்தினா, முதல் நொடியிலயே சூடு இறங்கிடும், இலையில சாறு இறங்காது. அப்புறம் ஆளுக்கு ஒரு ஸ்பூன் இலை, கெண்டிக்குன்னு தனியா ஒரு ஸ்பூன். தண்ணி தளதளன்னு கொதிக்கும்போதே ஊத்தி, மூடி போட்டு, மேல தேங்காப்பூ துண்டைச் சுத்திட்டாங்க. வெள்ளைக்காரங்க இதுக்குன்னு தொப்பி மாதிரி உறை தைச்சு மாட்டுவாங்க. நம்மளுக்குத் துண்டு போதும்.

அஞ்சு நிமிஷம். ஆச்சி கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. என்ன படிக்கிறீங்க, அம்மா எந்த ஊர், சாப்பாட்டுக்கு மெஸ்ஸா... இந்த மூணு கேள்வி முடிஞ்சதும் துண்டை எடுத்தாங்க. என் செல்போன்ல அஞ்சு நிமிஷம் பத்து செகண்ட்!

ஊத்தினப்போ வந்த நிறத்தைக் கருஞ்சிவப்புனு சொல்லலாம். டீக்கடை டீ மாதிரி செங்கல் கலர் இல்லை. கோப்பைக்கு அடி வரைக்கும் தெரியுது. முதல்ல பால் இல்லாமக் குடிக்கச் சொன்னாங்க. கசக்கலை. நாக்குல லேசாப் பிடிச்சு, அப்புறம் ஒரு வாசனை. ரெண்டாவது கோப்பையில சூடான பாலைக் கொஞ்சம் விட்டு, கூடவே வெள்ளைப் பணியாரம், மிளகாய்ச் சட்னி. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காரத்துக்கு மேல இந்த டீ இறங்குற சுகத்துக்காகவே இன்னொரு தடவை பஸ் ஏறலாம்.

ஆச்சி கண்திட்டமாச் செஞ்ச இதுக்கு சர்வதேச ஸ்டாண்டர்டே இருக்குனு சொன்னா நம்புவீங்களா? ஐ.எஸ்.ஓ. 3103. முதல்ல வந்தது 1980ல. டீயை ருசி பார்த்துச் சோதிக்கிறவங்களுக்காக எழுதினது. 100 மில்லி தண்ணிக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிஷம், கெண்டி வெள்ளைப் பீங்கான்லயோ மெருகேத்தின மண்ணுலயோ இருக்கணும்னு சொல்லுது. இதோட பிரிட்டிஷ் வடிவத்துக்கு 1999ல இக் நோபல் பரிசு, அதாவது சிரிக்க வெச்சு அப்புறம் சிந்திக்க வெக்கிற ஆராய்ச்சிக்குத் தர்ற கிண்டல் பரிசு, இலக்கியப் பிரிவுல கிடைச்சுது. டீ போடுறதுக்கு ஆறு பக்கம் எழுதினதுக்காக! அதே வருஷம் இயற்பியலுக்கான இக் நோபல்ல ஒரு பங்கு, சொட்டாத கெண்டி மூக்கை எப்படி வடிவமைக்கிறதுனு கணக்குப் போட்ட வாண்டன்-புரோக், கெல்லர் ரெண்டு பேருக்கும் போச்சு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சிருக்கிறவங்க கவனிக்கவும்.

இன்னொருத்தர் இருக்கார். ஜார்ஜ் ஆர்வெல். '1984' நாவல் எழுதினவரேதான். 1946 ஜனவரியில லண்டன் பத்திரிகை ஒண்ணுல, நல்ல டீ போடுறதுக்கு 11 விதி எழுதினார். அவர் 1922ல இருந்து 1927 வரைக்கும் பர்மாவுல போலீஸ் அதிகாரி. செட்டியார் கடைகள் ஓஹோன்னு நடந்துக்கிட்டு இருந்த அதே பர்மா, அதே வருஷங்கள். அவர் விதிப்படி கெண்டி பீங்கான்லயோ மண்ணுலயோ இருக்கணும். வெள்ளிக் கெண்டி மட்டம், எனாமல் கெண்டி அதைவிட மட்டம்! முனீஸ்வரன் கோயில் தெருவுல கால் வெச்சிருந்தார்னா மனுஷன் அழுதிருப்பார். அவர் சொன்னதுக்குக் காரணம் நம்ம ஹீட் டிரான்ஸ்ஃபர் புத்தகத்துலயே இருக்கு. இரும்பு, பீங்கானைவிடப் பல மடங்கு வேகமா வெப்பத்தைக் கடத்தும். மெல்லிசான தகடு வேற. அஞ்சு நிமிஷத்துக்குள்ள டீ ஆறிடும். எனாமல் கெண்டிக்குத் துண்டு ரெண்டு சுத்து சுத்துங்க, ஆர்வெல் மன்னிச்சுடுவார்.

இப்படி ஒரு ஜோரான முறை இருந்தும் நம்ம ஊர்ல ஏன் ஒட்டலை? முயற்சி பண்ணாம இல்லை. 1930-கள்ல தேயிலைக் கம்பெனிகளுக்கான பிரசார அமைப்பு ஆளுங்களை வீடு வீடா அனுப்பி டீ போட்டுக் காட்டுச்சு. 1937ல அதுக்கு 'இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம்'னு புதுப் பேர் வந்துச்சு. கெண்டியைச் சூடாக்கு, ஆளுக்கு ஒரு ஸ்பூன், அஞ்சு நிமிஷம்னு அதே பாடத்தைத்தான் போர்டு எழுதி மாட்டினாங்க. டீக்கடைக்காரங்க பாலை நிறைய ஊத்தி, மசாலா சேர்த்து, தூளைக் குறைச்சுப் போட்டது அவங்களுக்குப் பிடிக்கலை. தூள் விக்காதே! ஆனா ஜெயிச்சது டீக்கடைதான். இலையோட வடிவமே அதுக்குத் துணையா நின்னுச்சு. 1930 வாக்குல அசாம்ல சி.டி.சி. மெஷின் வந்துச்சு. இலையை நசுக்கி, கிழிச்சு, சுருட்டி, குருணையாக்கித் தள்ளுற மெஷின். குருணையில சாயம் சட்டுனு இறங்கும், பாலோட போட்டிக்கு நிக்கும், விலையும் கம்மி. இன்னிக்கு இந்தியாவுல தயாராகுற டீயில பெரும்பகுதி அதுதான். அந்தத் தூளைக் கெண்டியில அஞ்சு நிமிஷம் ஊறவெச்சீங்கன்னா கஷாயம்தான் மிஞ்சும். மூக்குக்குப் பின்னாடி இருக்கிற சல்லடை ஓட்டையிலயும் தப்பி வந்து பல்லுல ஒட்டும். அதனால, கடையில கேக்கிறப்போ 'ஆர்த்தடாக்ஸ் இலை டீ'னு கேட்டு வாங்குங்க. ஊட்டி, குன்னூர் டூர் போற ஃப்ரெண்டுகிட்ட சொன்னா வர்க்கிக்குப் பதிலா அதை வாங்கிட்டு வரட்டும்.

இலைன்னதும்தான் எனக்கு ஆச்சி வீட்டுல ஒரு விஷயம் உறைச்சுது. கெண்டி எங்கிருந்து வந்துச்சுனு எல்லாரும் சொல்றாங்க, உள்ளே போடுற இலை யார் கையில இருந்து வந்துச்சு? சிவகங்கை தனி மாவட்டமானது 1985லதான். அதுக்கு முன்னாடி இதெல்லாம் ராமநாதபுரம் ஜில்லா, வானம் பார்த்த பூமி. இதே சீமையில இருந்தும் புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கத்துல இருந்தும் இன்னொரு கூட்டமும் கடல் தாண்டிப் போச்சு. கையில முதல் இல்லாம, கங்காணி கொடுத்த முன்பணக் கடனோட. இலங்கை மலையில முதல்ல காபித் தோட்டம், இலைநோய் வந்து காபி அழிஞ்சதும் தேயிலைத் தோட்டம். கொழும்பு செட்டியார் தெருவுல இருந்து துரைமாருக்கும் தோட்டத்துக்கும் பணம் புரண்டுச்சு. அந்தத் தோட்டத்துல கூடையோட நின்னது இந்தக் கூட்டம். 1964ல சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் போட்டு, அவங்கள்ல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும்னு முடிவாச்சு. திரும்பி வந்தவங்களுக்கு வேலை தர்றதுக்காகத்தான் நீலகிரியில அரசுத் தேயிலைத் தோட்டம் 1968ல ஆரம்பிச்சுது. 1976ல அது டான்டீ கழகமாச்சு.

ஒரே சீமை, ரெண்டு கப்பல். ஒரு கப்பல்ல கெண்டி வந்துச்சு. இன்னொண்ணுல போனவங்க இலையைப் பறிச்சாங்க. இதை நான் சொன்னப்போ ஆச்சி கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எங்க வயக்காட்டுல வேலை பார்த்த ஒரு குடும்பமும் கண்டிக்குப் போச்சு. திரும்பி வந்தாகளா இல்லையானு கேக்கவே இல்லை தம்பி"ன்னாங்க.

அந்த வீட்டுக்கு இப்போ 14 பங்கு. பாதிப் பேர் சென்னையில, மீதிப் பேர் சிங்கப்பூர், அமெரிக்கா. வருஷத்துக்கு ஒரு தடவை படைப்புக்குக் கூடுவாங்க. வீட்டைப் பிரிக்க முடியாது, வித்தாலும் எல்லாரும் கையெழுத்துப் போடணும். சாமானை வித்துப் பணமாப் பிரிக்கிறது சுலபம். அதனால சாமான்தான் முதல்ல போகுது. 'செட்டிநாடு, தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்பு'னு 2014ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல இந்த ஊர்கள் சேர்ந்துச்சு. பட்டியல்ல இருக்கிறது வீடும் தெருவும் ஊருணியும். பெட்டிக்குள்ள இருக்கிற கெண்டியை எந்தப் பட்டியலும் காப்பாத்தாது.

பித்தளைச் சாமானுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. அதுல பேர் வெட்டியிருக்கும். குடும்ப விலாசத்தோட எழுத்தைப் பார்த்தே எந்த வீட்டுச் சாமான்னு அந்த ஊர்ப் பெரியவங்க சொல்லிடுவாங்க. பீங்கான்ல வெட்ட முடியாதே! வாசப்படியைத் தாண்டிட்டா அது யாருதுன்னே தெரியாத அனாதை. செட்டும் உடையும். கோப்பை ஒரு பக்கம், கெண்டி ஒரு பக்கம், மூடி எங்கேயோ. ஆச்சியோட வெள்ளைக் கெண்டிக்கு அடுத்த படைப்புல என்ன ஆகும்னு ரூம்மேட்கிட்ட கேட்டேன். "அப்பத்தா யார் பேரும் சொல்லலைடா. அஞ்சு நிமிஷம் பொறுத்து ஊத்துறவங்களுக்குங்கிறாங்க"ன்னான். அவன் இப்போ ஹாஸ்டல்ல எவர்சில்வர் டம்ளரை வெச்சுப் பிராக்டீஸ் பண்றான்.

நீங்க அந்தத் தெருவுக்குப் போனா, வாங்குறதுக்கு முன்னாடி உள்ளே எட்டிப் பாருங்க. எனாமல் தெறிச்சு இரும்பு தெரிஞ்சா அது மணி பிளான்ட்டுக்குத்தான் லாயக்கு. கலர் கலரான பழைய எனாமல்ல, மெருகுல, ஈயமும் காட்மியமும் இருக்க வாய்ப்பு உண்டு. அதுல டீ குடிக்கிறதா இருந்தா சோதிச்சுப் பார்த்துட்டுக் குடிங்க. இல்லேன்னா அழகுக்கு அது, குடிக்கிறதுக்குப் புதுசா ஒரு வெள்ளைப் பீங்கான். மூக்கு நுனி, கெண்டி வாயோட மட்டத்துக்கு இருக்கணும். தாழ்ந்திருந்தா நிரப்பும்போதே மூக்கு வழியா ஒழுகும். மூடியில குட்டியா ஓட்டை இருக்கணும். காத்து உள்ளே போனாத்தான் டீ வெளியே வரும். எந்த ஊர் வீட்டுல இருந்து வந்துச்சுனு கடைக்காரர்கிட்ட கேளுங்க. சொன்னா ஒரு சீட்டுல எழுதி உள்ளே போட்டு வைங்க. நான் கேட்ட கெண்டிக்கு, எங்க ஹாஸ்டல் மெஸ் பில் ஒரு மாசத்துக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு விலை சொன்னார். பேரம் உண்டு.

மூடி இல்லாத கெண்டி சீப்பாக் கிடைக்கும், விட்டுடாதீங்க. அந்த அண்ணன் கடையில, மேசைக்கு அடியில ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கெண்டி இல்லாத மூடிகள் கிடக்கு. போறப்போ ஒரு ஸ்கேல் எடுத்துட்டுப் போங்க. கெண்டியோட வாய் விட்டத்தை அளந்துக்கிட்டுப் பெட்டியைக் கிளறினா, கலர் சேராட்டியும் அளவு சேர்ற மூடி ஒண்ணாவது மாட்டும்.